கோப்பி அழிந்தும் கண்டி அழியவில்லை: மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது?

வர்த்தக உலகில் இன்று அதிகமாக உச்சரிக்கப்படும் சொற்களுள் ஒன்று புத்தாக்கம். மாறும் காலத்திற்கேற்ப மாறாத நிறுவனம் அழிந்துவிடும் என்பது வர்த்தக சம்மேளனங்களின் கூட்டங்களில் வேதவாக்காக ஓதப்படுகின்றது. இதற்குக் காட்டப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருபவை. புகைப்படச் சுருள் கம்பனியின் வீழ்ச்சி பற்றியும் கைத்தொலைபேசிக் கம்பனியின் சரிவு பற்றியும் நமது வர்த்தகர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் ஒரு முழுக் கைத்தொழிலும் இருபதே ஆண்டுகளில் மாண்டு, அதே மண்ணில் வேறொரு கைத்தொழில் உயிர்த்தெழுந்த வரலாறு கண்டியைச் சூழ்ந்த மலைகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. அதனைப் பாடமாக எடுத்துக்கொள்வோர் மிகச் சிலரே.

அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. இலங்கைத் தேயிலை மீண்டும் ஒரு திருப்புமுனையில் நிற்கின்றது. உற்பத்தி வீழ்ந்துள்ளது, தொழிலாளர் தொகை சுருங்கியுள்ளது, சந்தைகள் போராலும் பொருளாதாரத் தடைகளாலும் அலைக்கழிக்கப்படுகின்றன. இந்நிலையில் மாற்றம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எத்தகைய மாற்றம், அதனை யார் தீர்மானிப்பது, அதன் செலவு யார் தலையில் சுமத்தப்படுவது என்பவையே கேள்விகள். கண்டியின் 200 ஆண்டுகால அனுபவம் இவற்றுக்குப் பதில் வைத்திருக்கின்றது.

கோப்பியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், 1820களில் கம்பளைப் பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டத்தை ஆரம்பித்தார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமே கன்னொறுவவில் கோப்பி பயிரிட்டார். ஆட்சியாளரே தோட்ட உரிமையாளராகவும் இருந்த காலம் அது. கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வதற்காகப் பாதைகள் வெட்டப்பட்டன. கண்டி மன்னர்களின் காலத்தில் தவளம் எனப்படும் பொதிமாட்டு வணிகத்தில் தேர்ச்சி பெற்றிருந்த முஸ்லிம்கள், கிராமங்களுக்கும் சந்தைக்கும் இடையிலான வர்த்தகத்தை நெடுங்காலம் தாங்கி நின்றனர். 1867இல் கொழும்பிலிருந்து கண்டி வரை ரயில் பாதை திறக்கப்பட்டதற்கும் கோப்பியே முதற் காரணம். 1870 அளவில் ஆண்டு ஏற்றுமதி ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தரை எட்டியிருந்தது.

1869இல் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி போன்றதொரு நோய் கண்டறியப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளரான துவெயிற்ஸ் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு பூஞ்சணம் என அங்கு இனங்காணப்பட்டது. தோட்டத் துரைமார் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. சந்தையில் கோப்பி விலை உயர்ந்துகொண்டிருந்தமையால் விளைச்சல் குறைந்தபோதும் வருமானம் குறையவில்லை. நோய் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் புதிய காடுகள் அழிக்கப்பட்டுப் புதிய கோப்பித் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. 1880இல் ஆய்வுக்காக அனுப்பப்பட்ட மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானி, காற்றில் பரவும் இந்நோய்க்கு மலைக்கு மலை ஒரே பயிர் இடைவெளியின்றி நடப்பட்டிருப்பதே பேருதவி செய்தது என விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஓரியன்டல் வங்கி முறிந்தது. அதன் நாணயத் தாள்களுக்கு அரசாங்கம் உத்தரவாதம் அளிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அந்தத் தசாப்தத்தின் முடிவில் கோப்பி ஏற்றுமதி முன்னைய அளவின் மிகச் சிறு பங்காக ஒடுங்கிப் போயிற்று.

இங்கு முதலாவது பாடம் இருக்கின்றது. ஒரு தொழில் நலிவடையத் தொடங்கும்போது அதன் இலாபக் கணக்கு உடனே அதனைக் காட்டுவதில்லை. நல்ல விலை, நோயை மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

இரண்டாவது பாடம் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் கிடைக்கின்றது. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் அங்கு 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பி நோய் கண்டறியப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. தமது பங்களாவின் விறாந்தையில் கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரியிட்டு உலர்த்திப் பார்த்த அவர், 1872 அளவில் சிறியதொரு தொழிற்சாலையை அமைத்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. கோப்பி வீழ்ந்தபோது மற்றையோர் ஓடிச்சென்று கற்றுக்கொள்வதற்கு ஒரு மாதிரி தயாராக இருந்தது. இடையில் பலரும் சிங்கோனா மரத்தை நம்பி முதலிட்டனர். எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதால் கொயினா விலை சரிந்தது. தேயிலையோ 1890களின் இறுதியில் நான்கு இலட்சம் ஏக்கரை அண்மித்துவிட்டது. பிழைக்க வைத்தது நெருக்கடி வருமுன் சிறிய அளவில் செய்யப்பட்ட பரிசோதனையும், பேராதனை போன்றதோர் அறிவு நிலையம் அருகில் இருந்தமையுமே.

அந்த முன்னோடிக்குக் கிடைத்த பரிசு என்ன? தோட்டத்தை நடத்திய கம்பனியால் விலகுமாறு பணிக்கப்பட்ட டெய்லர், 1892இல் அத்தோட்டத்திலேயே நோயுற்று இறந்தார். அவரது உடல் கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. புதுமை புனைபவரும் அதன் பயனை அறுவடை செய்பவரும் ஒருவராகவே இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பயிர் மாறியபோது மனிதர் நிலை

தோட்டத் துரைமாரின் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. தமிழ் வாசகர்கள் நின்றுவிட முடியாது. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் தேவைப்பட்டனர். பருவம் முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினர். மன்னாரிலிருந்து மாத்தளை வரையிலான காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களில் கொலராவுக்கும் பசிக்கும் பலியானோர் ஏராளம். தேயிலை அவ்வாறான பயிர் அன்று. ஆண்டு முழுவதும், வாரத்திற்கொரு முறை கொழுந்து பறிக்கப்பட வேண்டும். எனவே ஆண்டு முழுவதும் தங்கியிருக்கும் தொழிலாளர், குறிப்பாகப் பெண்கள், தேவைப்பட்டனர். குடும்பங்கள் வந்தன, லயன்கள் நிரந்தரக் குடியிருப்புகளாயின. இந்த நாட்டில் மலையகத் தமிழர் என்றதொரு சமூகம் வேரூன்றியமைக்கு ஒரு பூஞ்சணமும் ஒரு பயிர் மாற்றமும் காரணமாயின என்பது மிகையன்று.

முதலாளியின் தொழில் மாறித் தப்பியது. தொழிலாளியின் வாழ்வும் மாறியது. ஆனால் அவரிடம் எவரும் கேட்டு மாற்றவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் என ஒவ்வொரு திருப்பத்திலும் இதுவே நிகழ்ந்தது. காணிச் சீர்திருத்தத்தின்போது கண்டியைச் சூழ்ந்த மத்திய மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் வவுனியா வரை சென்று குடியேற நேர்ந்தது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் தொழிலாளர் ஒரு தரப்பாகக் கருதப்படவில்லை. மாற்றத்தின் இலாபம் ஒரு பக்கமும் அதன் செலவு மறு பக்கமும் சேரும் இந்த ஒழுங்கு இன்றுவரை மாறவில்லை.

கொள்கலனிலிருந்து பொதிக்கு

தேயிலை காலூன்றிய பின்னர் அடுத்த போட்டி சந்தையில் ஆரம்பித்தது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. 1890இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையைச் சிறு பொதிகளில் அடைத்துத் தமது பெயரில் விற்றார். இலாபத்தின் பெரும்பகுதி இலையை விளைவிப்பவருக்கன்றி, பொதியில் பெயர் பொறிப்பவருக்கே போய்ச் சேருகின்றது என்பதை அவர் உலகிற்கு உணர்த்தினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் இலங்கை பெருமளவில் பெட்டிகளில் மூலப்பொருளையே அனுப்பிவந்தது.

இந்த ஒழுங்கை உடைக்க முனைந்த இலங்கையர்களுள் மெரில் ஜே. பெர்னாண்டோ முதன்மையானவர். தமது இரு புதல்வரின் பெயர்களை இணைத்து அவர் உருவாக்கிய டில்மா, 1980களில் அவுஸ்திரேலியச் சந்தையில் நுழைந்தது. விளைந்த நாட்டிலேயே பொதி செய்யப்பட்ட, வேறு நாட்டுத் தேயிலை கலவாத தேயிலை என்பதே அதன் வாதம். 2023இல் அவர் காலமானபோது அப்பெயர் உலகின் பல நாடுகளில் அறியப்பட்டிருந்தது. மறுபுறத்தில், அக்பர் பிரதர்ஸ் போன்ற முஸ்லிம் வர்த்தகக் குடும்ப நிறுவனங்கள் அரபு நாடுகளின் சுவையையும் வழக்கத்தையும் அறிந்து அதற்கேற்பத் தேயிலையைத் தரம் பிரித்து அனுப்பி, ஏற்றுமதியாளர்களின் முன்னணியில் இடம்பிடித்தன. தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம், முழுவதும் இலங்கைத் தேயிலையைக் கொண்டு இங்கேயே பொதி செய்யப்பட்ட பொருளுக்கு மாத்திரமே வழங்கப்படுவதும் இதே நோக்கிலாகும்.

இங்கு ஒரு நுட்பமான உண்மை கவனிக்கத்தக்கது. கென்யா நறுக்கி உருட்டும் சீ.ரீ.சீ. முறையில் மலிவாகவும் வேகமாகவும் உற்பத்தி செய்து தேநீர்ப் பை சந்தையைக் கைப்பற்றியபோது, இலங்கையும் அதனையே பின்பற்ற வேண்டும் என வற்புறுத்தியோர் பலர். இலங்கை பெருமளவில் பழைய ஓர்தொடொக்ஸ் முறையையே பேணிக்கொண்டது. ஈராக், துருக்கி, ரஷ்யா, ஈரான், வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் முழு இலையை ஊறவைத்துச் சாயம் இறக்கிக் குடிப்பவர்கள் அந்த முறையையே விரும்புகின்றனர். அண்மைய ஆண்டுகளில் நமது தேயிலையை மிக அதிகமாக வாங்கும் நாடுகளின் முன்வரிசையில் ஈராக் நிற்கின்றது. போட்டியாளர் செய்வதையெல்லாம் செய்வது தகவமைதல் ஆகாது. தன் வாடிக்கையாளர் யார் எனத் தெளிந்து அவருக்காக மாறுவதே தகவமைதல்.

எனினும் இந்தத் தெரிவுக்கும் ஓர் அபாயம் உண்டு. போரும் பொருளாதாரத் தடையும் அதிகம் தாக்கும் நாடுகளே நமது சிறந்த வாடிக்கையாளர்கள். ஈரானிடமிருந்து பெற்ற எரிபொருளுக்கான 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலை அனுப்பித் தீர்ப்பதென 2021 டிசம்பரில் உடன்பாடு காணப்பட்டமை, பணம் பெறும் வழிகள் எவ்வளவு குறுகியிருந்தன என்பதைக் காட்டியது. 2017 டிசம்பரில் ஒரு தொகுதித் தேயிலையில் வண்டொன்று காணப்பட்டதால் ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. ஒரே ஒரு பூச்சி முழு நாட்டின் ஏற்றுமதியையும் உலுக்கியது. இதற்கிடையில் ஒரு தேயிலைச் செடிகூட வளராத துபாய், 2005இல் தேயிலை நிலையமொன்றை அமைத்து, பல நாட்டுத் தேயிலைகளைக் களஞ்சியப்படுத்திக் கலந்து பொதி செய்து விற்கும் மையமாகிவிட்டது. வெளிநாட்டுத் தேயிலையை இறக்கிக் கலக்க அனுமதிக்க வேண்டும் என நமது ஏற்றுமதியாளர்களில் ஒரு சாராரும், அது சிலோன் தேயிலை என்ற பெயரையே அழித்துவிடும் என உற்பத்தியாளர்களும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் தீர்மானமின்றி ஆண்டுகளைக் கழிப்பதில் எவருக்கும் நன்மையில்லை.

இரண்டு மாற்றங்கள், இரண்டு முடிவுகள்

மாற்றம் வெற்றிபெறுவதற்கும் தோற்பதற்கும் இடையிலான வேறுபாட்டை அறிய, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டாலே போதும்.

2020 மார்ச்சில் கொரோனாவினால் நாடு முடக்கப்பட்டபோது, 137 ஆண்டுகளாக மண்டபத்தில் கூடிக் குரலெழுப்பி நடத்தப்பட்டு வந்த கொழும்புத் தேயிலை ஏலம் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. தரகர்களும் வாங்குவோரும் இணைந்து சில வாரங்களிலேயே, ஏப்ரல் மாதத்தில், ஏலத்தை இணையவழிக்கு மாற்றினர். மின்னியல் ஏலம் பற்றிய யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, எதிர்ப்பினால் முடங்கிக் கிடந்ததொன்றே. நெருக்கடி வந்ததும் தொழிலை அறிந்தவர்களே கூடி அதனைச் செய்து முடித்தனர். தோட்டங்களுக்குப் பணம் வருவது தடைப்படவில்லை.

அடுத்த ஆண்டு, 2021 ஏப்ரலில், இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்படும் என்ற அறிவிப்பு வந்தது. மே மாதத்தில் வர்த்தமானியும் வெளியாயிற்று. ஒரே இரவில் முழு நாடும் சேதன விவசாயத்திற்கு மாறிவிடும் என எதிர்பார்க்கப்பட்டது. தேயிலை இலைக்காகவே வளர்க்கப்படும் பயிர். ஒவ்வொரு பறிப்பிலும் மண்ணின் நைதரசன் கொழுந்தோடு வெளியேறுகின்றது. அதனைக் கூட்டெருவினால் ஈடுசெய்வதாயின் மலைச்சரிவுகளில் பெருந்தொகை எருவைச் சுமந்து ஏற்ற வேண்டும். அவ்வளவு எருவும் நாட்டில் இருக்கவில்லை. சுமப்பதற்கு ஆட்களும் இருக்கவில்லை. விஞ்ஞானிகளும் விவசாயிகளும் எச்சரித்தனர். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் 2021இல் 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனாக வீழ்ந்தது. கால் நூற்றாண்டு காலத்தில் மிகக் குறைந்த அளவு அது. 2013இல் 340 மில்லியன் கிலோகிராம் விளைந்த நாட்டில் 2024இலும் உற்பத்தி 262 மில்லியன் அளவிலேயே நின்றது. உரத் தடையுடன் டொலர் தட்டுப்பாட்டினால் ஏறிய உர விலையும் சேர்ந்து மண்ணையும் மனிதரையும் களைக்கச் செய்துவிட்டன.

சேதன விவசாயம் தவறானது என்பது இதன் பொருளன்று. டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கினார். 2021இல் 19 ஏக்கரில் முயன்று பாராமல் முழு நாட்டிலும் தொடங்கினார்கள். அந்த வித்தியாசத்திற்கான விலையைக் கொடுத்தவர்கள், நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்திற்கும் மேல் விளைவிக்கும் சிறு தோட்ட உடைமையாளர்களும், கொழுந்து குறைந்ததால் வேலை நாள் குறைந்த தோட்டத் தொழிலாளர்களுமே.

கண்டியின் இன்றைய நிலை

ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை இன்று அரும்பொருட்காட்சியகம். 2001இல் திறக்கப்பட்ட அங்கு டெய்லரின் நினைவுப் பொருட்களும் பழைய இயந்திரங்களும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன. கைவிடப்பட்ட கட்டடத்திற்குப் புது வாழ்வளித்த நல்ல முயற்சி அது. ஆனால் சுற்றியுள்ள மலைகளில் உயிரோடிருக்கும் தோட்டங்களின் நிலை காட்சிக்கு வைக்கப்படுவதில்லை. கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் கணிசமானவை ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேஷன்ஸ் ஆகிய அரச நிறுவனங்களின் கீழ் இருந்து வந்தவை. மூப்படைந்த செடிகள், மீள்நடுகையின்மை, காடேறிய மலைகள் ஆகியவற்றோடு, தொழிலாளரின் சம்பளத்தில் கழிக்கப்பட்ட ஊழியர் சேமலாப நிதிப் பணம் செலுத்தப்படாது நிலுவையாகக் கிடந்த அவலமும் இங்குதான் பெரிதாகப் பேசப்பட்டது. தனியார் கம்பனிகள் இலாபத்தை மாத்திரம் நோக்குகின்றன என்று குற்றஞ்சாட்டும் அரசு, தன் வசமிருந்த தோட்டங்களில் வேறொரு முன்மாதிரியைக் காட்டவில்லை.

உயர் மலைத் தேயிலையின் மணமும் தாழ்நிலத் தேயிலையின் விளைச்சலும் இல்லாத மத்திய மலைநாட்டிற்குத் தேயிலையை மாத்திரம் நம்பியிருத்தல் போதாது. மிளகு, கராம்பு, சாதிக்காய் ஆகியவை இப்பிரதேசத்தின் வீட்டுத் தோட்டங்களில் தலைமுறைகளாக விளைபவை. அவற்றை வாங்கிச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புவதில் அக்குறணை, மாத்தளை வர்த்தகர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. காரம் மிகுந்த இலங்கை மிளகுக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பும் இருக்கின்றது. ஆனால் 2017 அளவில், வியட்நாமிலிருந்து இறக்கிய மலிவு மிளகை இலங்கை மிளகு என்ற பெயரில் சுங்க வரிச் சலுகையுடன் இந்தியாவுக்கு அனுப்பும் வர்த்தகம் பெரும் சர்ச்சையாகியது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியா மிளகு இறக்குமதிக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபா என ஆகக்குறைந்த விலையை விதித்தது. குறுக்கு வழியில் சிலர் ஈட்டிய இலாபத்திற்கு நேர்மையான கமக்காரரும் ஏற்றுமதியாளரும் விலை கொடுத்தனர். சூழ்ச்சியைப் புத்தாக்கம் என மயங்கும் வர்த்தகர் தமது ஊரின் நற்பெயரையே அடகு வைக்கின்றார்.

வர்த்தகத்தின் தகவமைதல் பற்றிப் பேசும்போது பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2018 மார்ச்சில், வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட லொறிச் சாரதியின் மரணத்தைத் தொடர்ந்து, திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஏழு ஆண்டுகளின் பின்னர் நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. இருபது, முப்பது ஆண்டுகாலச் சேமிப்பு ஓரிரவில் சாம்பலாவதைக் கண்ட வர்த்தகர், புதிய இயந்திரத்திற்கும் புதிய கிளைக்கும் முதலிடத் தயங்குவது இயல்பே. 1983இன் பின்னர் தமிழ் வர்த்தகர்கள் பட்ட அனுபவமும் இதுவேயாகும். எரிந்த கடையின் முதலாளி ஒரு சமூகத்தவராக இருக்கலாம். அங்கு கராம்பு விற்ற கிராமத்தவரும் அங்கு வேலை செய்த இளைஞரும் வேறு சமூகத்தவர்களாக இருப்பர். சட்டம் ஒழுங்கைப் பேணாத அரசு, புத்தாக்கம் பற்றி எத்தனை மாநாடு கூட்டினாலும் பயனில்லை.

இயற்கையும் பொறுத்திருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டம் கடும் மண்சரிவுகளையும் உயிரிழப்புகளையும் சந்தித்தது. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் காடழிக்கப்பட்ட செங்குத்தான சரிவுகளில் எதைப் பயிரிடுவது, எங்கு குடியிருப்பது என்ற கேள்விகளை இனியும் பிற்போட முடியாது.

சம்பளமும் உற்பத்தித்திறனும்

இனி மையப் பிரச்சினைக்கு வருவோம். சம்பள உயர்வு கோரப்படும் ஒவ்வொரு முறையும் பெருந்தோட்டக் கம்பனிகள் கூறும் பதில் ஒன்றுதான்: உற்பத்தித்திறன் உயராமல் சம்பளத்தை உயர்த்த முடியாது. 2015இல் எழுந்த 1,000 ரூபா கோரிக்கை நிறைவேற 2021 வரை ஆறு ஆண்டுகள் சென்றன. அது கைக்கு வந்த மறு ஆண்டே ரூபாவின் பெறுமதி வீழ்ந்து அந்த உயர்வை விழுங்கிவிட்டது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ஆக்கி, அரசின் வரவு ஊக்கக் கொடுப்பனவாக 200 ரூபா சேர்த்து 1,750 ஆக்க முன்மொழிந்தது. அரச நிதியிலிருந்து தனியார் துறைச் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொடுக்க நேர்ந்ததே, இந்தத் தொழிலின் கட்டமைப்பு எந்தளவு இற்றுப்போயுள்ளது என்பதற்கு அத்தாட்சி.

உற்பத்தித்திறன் பற்றிய கம்பனிகளின் வாதத்தை முற்றாக ஒதுக்கவும் முடியாது. கென்யாவில் ஒருவர் பறிக்கும் கொழுந்தின் அளவு இங்கிருப்பதைவிட அதிகம். ஆனால் அதற்குக் காரணம் தொழிலாளியின் கை மாத்திரமா? இளமையான செடி, உரமிட்ட மண், சீரான மலை ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்புகள். மீள்நடுகை செய்யாத மலையில், நூறு ஆண்டுகள் கண்ட செடியில், நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம் எனக் கூறுவது எந்த உற்பத்தித்திறன் கோட்பாட்டிலும் அடங்காது. 1992இலிருந்த தோட்டத் தொழிலாளர் தொகை இன்று பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்கிற்கும் செல்கின்றனர். அவர்களும் மாற்றத்திற்கேற்பத் தம்மைத் தகவமைத்துக்கொள்கின்றனர் என்றே கொள்ள வேண்டும்.

கென்யாவிலிருந்து கற்க வேண்டியது வேறொன்றும் உண்டு. 1964இல் உருவாக்கப்பட்ட தேயிலை அபிவிருத்தி அதிகாரசபையின் வழியாக அங்குள்ள சிறு விவசாயிகள், தமது கொழுந்தை அரைக்கும் தொழிற்சாலைகளின் பங்காளர்களாக ஆக்கப்பட்டனர். கொழுந்துக்கு மாதாந்தக் கொடுப்பனவு. தேயிலை விற்ற பின்னர் ஆண்டிறுதியில் மேலதிகப் பங்கு. அங்கும் முகாமைத்துவம் பற்றிய முறைப்பாடுகள் இல்லாமலில்லை. ஆனால் விலை ஏறினால் விளைவித்தவரும் பயனடைவார் என்ற ஒழுங்கு அங்கு இருக்கின்றது. ஆச்சரியம் என்னவெனில், இலங்கையின் பிரவுன்ஸ் நிறுவனம் 2023இல் ஜேம்ஸ் பின்லே கம்பனியின் கென்யத் தோட்டங்களைக் கொள்வனவு செய்து, 2024இல் லிப்டன் நிறுவனத்தின் கிழக்காபிரிக்கத் தோட்டங்களையும் வாங்க உடன்பட்டது. லிப்டன் இலங்கையில் தோட்டம் வாங்கிய காலம் போய், லிப்டனின் தோட்டத்தை இலங்கைக் கம்பனி வாங்கும் காலம் வந்திருப்பது பெருமைக்குரியதே. அதற்கான மூலதனமும் துணிவும் நமது கம்பனிகளிடம் உண்டெனில், லூல்கந்துரவைச் சூழ்ந்த மலைகளில் மீள்நடுகைக்கும் வீட்டுக்கும் மாத்திரம் அவை எங்கே மறைந்துவிடுகின்றன?

செய்ய வேண்டியவை

முதலாவதாக, சில தோட்டங்களில் ஏற்கனவே பரீட்சிக்கப்பட்டுள்ள வருமானப் பகிர்வு முறை வெளிப்படையான எழுத்து மூல உடன்படிக்கையுடன் விரிவுபடுத்தப்பட வேண்டும். தொழிலாளர் குடும்பத்திற்கு ஒரு பகுதி மலையைப் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தின் விலையை ஏல விலையோடு பிணைக்கும் இம்முறை, சேமலாப நிதி உரிமைகளைப் பறிக்கும் தந்திரமாக மாறிவிடக் கூடாது. காணி உரித்து இல்லாத பங்காளர், பெயரளவிலேயே பங்காளர் ஆவார். 2023இல் மலையக மக்கள் தமது 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது எழுப்பிய முதன்மையான கோரிக்கைகளில் காணியும் ஒன்று.

இரண்டாவதாக, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் அரச தோட்டங்களைத் தரிசாக விடாமல், தேயிலையோடு மிளகு, கராம்பு போன்ற ஊடுபயிர்களை விளைவிக்கும் பரிசோதனை நிலங்களாக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அருகிலேயே இருக்கின்றது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில் இயங்குகின்றது. முதலில் 19 ஏக்கர், அதன் பின்னரே நாடு என்பது கொள்கையாக வேண்டும்.

மூன்றாவதாக, வாசனைத் திரவிய வர்த்தகத்தில் தர அத்தாட்சியும் ஊர்ப் பெயரும் இணைந்த பொதிகளை நமது வர்த்தகர்களே உருவாக்க வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்கள வர்த்தகர்கள் தனித்தனிக் கடைகளாக நின்று சாதிக்க முடியாததை, கூட்டாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் அமைத்துச் சாதிக்கலாம். மத்திய கிழக்கில் தேயிலைக்கு நமது முன்னோர் திறந்த கதவுகள் கராம்புக்கும் திறந்தே உள்ளன.

மாற்றத்தை மறுப்பவர் தோற்பார் என்பது மாநாட்டு மேடைகளில் சொல்லப்படும் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டியின் மலைகள் சொல்கின்றன. மாற்றத்தைச் சுமப்பவர்களுக்கு அதன் பயனில் பங்கில்லையெனில், அவர்கள் ஒரு நாள் சுமையை இறக்கிவைத்துவிட்டுச் சென்றுவிடுவார்கள். தோட்டங்களில் அது ஏற்கனவே தொடங்கிவிட்டது. நல்ல விலையின் மயக்கத்தில் கோப்பியின் நோயைக் காணத் தவறிய துரைமாரின் பிழையை, இன்றைய கம்பனிகளும் அரசும் மீண்டும் செய்யக் கூடாது.